பழைய விமானமும் கேட்டறியும் துணிவும்

அவைத்தலைவர் அவர்களே, சங்கத்தை இருபத்தைந்து ஆண்டுகள் தோளில் சுமந்த பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

கல்விச் சங்க மேடையில் விமானப் பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். நம் ஊருக்கு அது அந்நியப் பொருளன்று. வள்ளல் அழகப்பர் விமானம் ஓட்டப் பயின்றவர்; ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் நிறுவனத்தையும் நடத்தியவர்.

1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படைவீரரை இறக்கியவை டகோட்டா விமானங்கள். அவ்வகை விமானமொன்று, கைவிடப்பட்ட நிலையில் வாங்கப்பெற்று, இங்கிலாந்தில் பல ஆண்டுகள் செப்பனிடப்பட்டு, 2018 ஏப்ரலில் தானே பறந்து ஜாம்நகர் வந்து சேர்ந்தது. 'பரசுராமா' என்னும் பெயருடன் விமானப்படை அதனை ஏற்றது.

இத்தகைய பழைய விமானத்தில் தகட்டு வேலையைவிடக் கருவிகளும் மின்கம்பிகளுமே பெருஞ்சோதனை. அக்காலக் கம்பிகளின் ரப்பர் உறை முதுமையில் நொறுங்கி, தொட்டால் உதிரும். இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அடையாளச் சீட்டுக் கட்டாமல் கம்பியை வெட்டிவிட்டால், எது எங்கே சென்றது எனச் சொல்வார் இல்லை. உயரமானிக்குள் காற்று நீக்கிய மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய அது விரிந்து முள்ளை நகர்த்தும். அதில் விரல் அழுந்தினாலே கணக்குக் கெடும். இருளில் தெரிவதற்காகப் பல கருவி முகப்புகளில் ரேடியம் கலந்த பூச்சு இட்டனர். உடன்கலந்த துத்தநாக சல்பைடு தேய்ந்து ஒளி மங்கிவிட்டது, நஞ்சு போகவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். விளங்காத முகப்பு ஆயிற்றே எனக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவன் தன் நுரையீரலையே பணயம் வைக்கிறான்.

ஆகவே எத்துணைக் கைத்திறன் உடையாரும் இங்கே வல்லுநரைக் கேட்டாக வேண்டும். கேட்பதற்கும் முறை உண்டு. "மீட்டர் ஓடவில்லை" என்றால் எவரும் விடை கூற இயலாது. கருவியின் பின்தகட்டிலுள்ள எண், எத்தனை வோல்ட், கழற்றுமுன் எடுத்த படம், இதுவரை செய்து பார்த்தவை ஆகியவற்றை எழுதிக் கேட்டால், கேட்டவன் வேலை தெரிந்தவன் என்பது முதல் வரியிலேயே புலப்படும்.

தொழிற்பயிற்சிக்குச் சென்ற நம் பிள்ளைகள் சிலர், தெரியாததைக் கேளாமல் பட்டறையில் ஒதுங்கி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். சோம்பல் என்று பெயர் சூட்டப்படுகிறது. அது சோம்பலன்று. பாட்டன் கேட்டபோது வசை கிடைத்தது. தந்தை கேட்டபோது "உனக்கெதற்கு" என்னும் சொல் கிடைத்தது. வாய்மூடி நிற்றல் அவர்கள் விட்டுச்சென்ற தற்காப்பு. அத்தற்காப்பு இன்று பிள்ளையின் வேலையைப் பறிக்கிறது.

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததால் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. உலோக அரிமானம் அங்கு ஆராயப்படும் பொருள். பச்சைக் களிம்பின் காரணம் அறிந்தோர் நமக்குச் சைக்கிள் தொலைவில் இருக்கின்றனர். அது அரசுப் பணத்தில் நடப்பது. நம் வரியும் அதில் உண்டு.

ஆண்டுதோறும் நம் மாணவரை அங்கே அழைத்துச் செல்லுமாறு சங்கத்தை வேண்டுகிறோம். வேடிக்கை பார்க்க அன்று. ஆளுக்கு இரண்டு வினாக்களுடன். வினாக்களை ஆசிரியர் எழுதித் தரலாகாது. முதற்குழுவில் பாதிப்பேர் பெண்பிள்ளைகளாய் இருத்தல் வேண்டும். பேருந்துக் கட்டணத்திற்குப் பொருளாளர் ஐயா இசைவார் என நம்பி அமர்கிறோம்.