ஆண்டு விழா முடிஞ்ச பிறகு

போன எபிசோடுக்கு நிறைய பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீங்க, எல்லாத்தையும் கேட்டேன், நன்றி. இன்னைக்கு கோடிங், இன்டர்வியூ எதுவும் இல்ல. எங்க ஊரைப் பத்தியும், நான் படிச்ச பள்ளியைப் பத்தியும், என்னைவிட நல்லா கணக்குப் போட்ட ஒரு பொண்ணைப் பத்தியும் பேசப் போறேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். பேர் மட்டும் சொல்ல வேண்டாம்னு சொன்னா.

எங்க ஊர் மணவாள நகர். திருவள்ளூர் ஸ்டேஷன்ல இறங்கினா எல்லாரும் வீரராகவப் பெருமாள் கோயில் இருக்கிற பக்கம் போவாங்க. நாங்க தண்டவாளத்துக்குத் தெற்குப் பக்கம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் ரோடு பிடிச்சா வரிசையா கம்பெனிகள்தான். காலையில அஞ்சரைக்கு எங்க தெருமுனையில நின்னு பாருங்க, கம்பெனி பஸ்ஸுக்காக நிக்கிற கூட்டம்தான் எங்க ஊர். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட். எங்க ஊர்ல ஒருத்தரைப் பார்த்தா "சாப்பிட்டாச்சா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "இந்த வாரம் என்ன ஷிப்ட்"னுதான் கேப்போம்.

நான் எட்டாவது படிச்சது 2010-11ல. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு. கணக்கு சார் போர்டுல கணக்கை எழுதி முடிக்கறதுக்குள்ள விடையைச் சொல்லிடுவா. சார் வேணும்னே தப்பா எழுதினாலும் கண்டுபிடிச்சிடுவா. நான் ரெண்டாவது. எப்பவுமே ரெண்டாவது. அந்த வருஷம் ஆண்டு விழாவுல அவளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு சான்றிதழ். தலைமை ஆசிரியர் மைக்ல "இந்தப் பிள்ளை நம்ம பள்ளிக்குப் பெருமை"ன்னு சொன்னாரு. நாங்க எல்லாரும் கைதட்டினோம். அவங்க அம்மா வரல, பி ஷிப்ட். அப்பா வந்திருந்தாரு, கடைசி வரிசையில நின்னுக்கிட்டே பார்த்துட்டு, தட்டை வாங்கி சைக்கிள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. பள்ளியில இருந்து யாரும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

அதே வருஷம்தான் என்.எம்.எம்.எஸ். தேர்வு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். இது ஒன்றிய அரசு 2008ல ஆரம்பிச்ச உதவித்தொகைத் திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளிகள்ல எட்டாவது படிக்கிற பசங்க எழுதலாம். ரெண்டு தாள். ஒண்ணு மனத்திறன், இன்னொண்ணு பாடம். ஒவ்வொண்ணுலயும் 90 கேள்வி, 90 நிமிஷம். பாஸ் பண்ணி செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் பணம் வரும். அப்போ மாசம் 500 ரூபாய். 2017ல இருந்து மாசம் 1,000. அதாவது இன்னைக்கு ஒரு பிள்ளைக்கு நாலு வருஷத்துல 48,000 ரூபாய். எங்க ஊர் வீடுகள்ல அது சின்னத் தொகை இல்லைங்க. "பத்தாவதோட போதும், கம்பெனியில சேரட்டும்"னு வீட்டுல பேச்சு வர்றப்போ, மாசாமாசம் வர்ற அந்தப் பணம்தான் பிள்ளைக்காகப் பேசும்.

அந்தத் தேர்வை நான் எழுதினேன். அவ எழுதல.

காரணத்தைக் கேட்டா சிரிப்பீங்க. வருமானச் சான்றிதழ். இப்போ இ-சேவை மையம் இருக்கு, வீட்டுல இருந்தேகூட விண்ணப்பிக்கலாம். அப்போ நேர்ல போகணும். கிராம நிர்வாக அலுவலர், அப்புறம் வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாலுகா ஆபீஸ். அவங்க அப்பாவுக்கு தினக்கூலி. ஒரு நாள் போனாரு, ஆள் இல்ல. இன்னொரு நாள் போனாரு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்ல. மூணாவது நாள் போகல. போயிருந்தா அன்னைக்கும் கூலி கிடையாது. கடைசித் தேதி போயிடுச்சு. எனக்கு? எங்க மாமாவுக்கு ஆபீஸ் வேலைகள் எல்லாம் அத்துப்படி. ஒரே நாள்ல நாலு கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசம் மூளை இல்ல, மாமா.

அவ பன்னிரண்டாவது முடிச்சிட்டு கம்பெனி பஸ் ஏறினா. நான் இன்ஜினியரிங் போனேன். இதை ரொம்ப நாள் நான் "சரி, விதி"ன்னு கடந்துட்டேன். ஒத்துக்கிறேன்.

இது எங்க ஊர்ல மட்டும் நடக்கற கதை இல்ல. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ராமானுஜனை எடுத்துக்கோங்க. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். அப்பா ஜவுளிக்கடையில குமாஸ்தா. 1904ல பள்ளியில கணக்குக்காக ரங்கநாத ராவ் பரிசு. தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையில, இந்தப் பையனுக்கு நூத்துக்கு நூறுகூடக் கம்மிங்கற மாதிரி பாராட்டினாருன்னு வரலாற்றுல இருக்கு. அதே வருஷம் உதவித்தொகையோட கும்பகோணம் அரசு கல்லூரியில சேர்றாரு. கணக்கைத் தவிர வேற எதையும் படிக்கல, உதவித்தொகை போயிடுச்சு. அப்போ அவரோட அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேர்ல பார்த்து, என் பையனை மாதிரி கணக்குப் போட ஆள் இருக்கான்னு வாதாடியிருக்காங்க. முதல்வர் மரியாதையாப் பேசி அனுப்பிட்டாரு, உதவித்தொகை கொடுக்கல. 1905ல ராமானுஜன் வீட்டுல சொல்லாம விசாகப்பட்டினம் ஓடிப்போனாரு.

நம்ம எல்லாரும் அவரைப் பத்திப் பேசினா நாமகிரித் தாயார்ல ஆரம்பிச்சு ஹார்டிகிட்ட போயிடுவோம். எனக்கு என்னமோ அந்த முதல்வர் அறையில தனியா நின்ன அம்மாதான் ஞாபகத்துக்கு வர்றாங்க. பரிசு கொடுத்தப்போ ஒரு கூட்டமே இருந்திருக்கும். பரிசு வாங்கின பிள்ளைக்காகக் கேக்கப் போனப்போ அவங்க மட்டும்தான். பின்னாடி அவரைத் தூக்கி விட்டதும் மேடை இல்ல, ஆட்கள்தான். இந்தியக் கணிதக் கழகத்தை 1907ல ஆரம்பிச்ச ராமசாமி ஐயர், மாசம் 25 ரூபாய் கொடுத்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், 1912ல துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை, அங்கே மேலதிகாரியா இருந்த நாராயண ஐயர். ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லி, அவர் இன்னொருத்தருக்குச் சொல்லி, அப்படித்தான் நடந்துச்சு.

நம்ம காலத்துக்கு வந்தா குகேஷ். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல 18 வயசுல உலக சாம்பியன். செஸ் கத்துக்கிட்டது பள்ளியில. அவரோட அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர், பையனோட போட்டிகளுக்குப் போறதுக்காகத் தன்னோட தொழிலையே நிறுத்திட்டாரு. அம்மா சம்பளத்துல வீடு ஓடுச்சு, நண்பர்கள் செலவுக்கு உதவினாங்க. பிரக்ஞானந்தாவோட அம்மா நாகலட்சுமி போற ஊருக்கெல்லாம் ரைஸ் குக்கர் தூக்கிட்டுப் போன கதை உங்களுக்கே தெரியும். டாக்டர் வீட்டுக்கே இவ்வளவு துணை தேவைப்பட்டிருக்கு. நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற அப்பாகிட்ட "உங்க பொண்ணு மாவட்ட அளவுல செலக்ட் ஆயிருக்கா, நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னா அவர் என்ன பண்ணுவாரு?

இப்போ அரசுப் பள்ளிகள்ல முன்னைவிட நிறைய நடக்குது, அதைச் சொல்லாம விடக்கூடாது. 2022-23ல இருந்து கலைத் திருவிழா இருக்கு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு படிப்படியா போகுது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனா கூட்டம் வேலை நாள்ல நடந்தா ஷிப்ட் போறவங்க எப்படி வருவாங்க? வர்றவங்களே திரும்பத் திரும்ப வருவாங்க.

சரி, நாங்க என்ன பண்ணோம்? நாங்கன்னா, அதே பள்ளியில படிச்ச ஆறு பேர். ரெண்டு பேர் ஐ.டி., ஒருத்தன் கம்பெனி சூப்பர்வைசர், ஒருத்தி நர்ஸ், ஒருத்தன் ஜெராக்ஸ் கடை, அப்புறம் அவ. பள்ளியில அனுமதி வாங்கி ஒரு ஞாயித்துக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டோம். முதல் தடவை படு சொதப்பல். அதுக்கு முழுக் காரணம் நான்தான். "மீத்திறன் மாணவர்கள் பெற்றோர் சந்திப்பு"ன்னு பேனர் அடிச்சேன். ஆசிரியர்கள் கொடுத்த லிஸ்ட்ல இருந்த பதினோரு வீட்டை மட்டும் கூப்பிட்டேன். லேப்டாப், ப்ரொஜெக்டர், ஸ்லைடு எல்லாம். பதினஞ்சாவது ஸ்லைடுல ஒரு அம்மா எழுந்து, "தம்பி, என் பொண்ணு கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியும். அதை எனக்கே சொல்றதுக்கா லீவு நாள்ல கூப்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க. வெளியில வேற ரெண்டு பெற்றோர், "எங்க பிள்ளைங்க எல்லாம் மக்கா?"ன்னு வாட்ச்மேன்கிட்ட சண்டை. அவங்க கேட்டதும் நியாயம்தானே? அதுல ஒரு பையன் தமிழ் டிக்டேஷன்ல பாதி தப்பு விடுவான், ஆனா தெருவுல எல்லார் வீட்டு மிக்ஸியையும் பிரிச்சு மாட்டுறான். எங்க லிஸ்ட்ல அவனுக்கு இடமே இல்ல.

ரெண்டாவது தடவை பேனர் இல்ல, லிஸ்ட் இல்ல. ஏழாவது, எட்டாவது படிக்கிற எல்லாப் பிள்ளைங்க வீட்டுக்கும் சொன்னோம். நேரத்தைக் காலையில இருந்து சாயங்காலம் நாலரைக்கு மாத்தினோம், ஏன்னா நைட் ஷிப்ட்காரங்க தூங்கி எழுந்திருக்கணும். நாற்காலியை வரிசையாப் போடாம நாலு மேஜையாப் போட்டோம். ஒரு மேஜையில ஜெராக்ஸ் கடைக்காரன் லேப்டாப்போட உக்காந்து வருமானச் சான்றிதழுக்கு அங்கேயே விண்ணப்பம் போட்டான். ஒண்ணுல வங்கிக் கணக்கு, ஆதார்ல பேர் ஒரே மாதிரி இருக்கான்னு சரிபார்த்தோம். நீங்க நம்பமாட்டீங்க, எங்களுக்கு அதிகமா நேரம் போனது இனிஷியல்லதான். பள்ளியில ஒரு இனிஷியல், பாஸ்புக்ல இனிஷியலே இல்ல. என் ஆபீஸ்ல புரொடக்ஷன் பக் பார்த்தப்போகூட அவ்வளவு தலை சுத்தல.

மூணாவது மேஜையில மனத்திறன் கேள்விகளைப் பிள்ளைங்களும் பெற்றோரும் சேர்ந்து போட்டாங்க. அந்த மிக்ஸிப் பையன் உருவங்களைத் திருப்பிப் பார்க்கிற கேள்விகள்ல எல்லாரையும் ஓரங்கட்டிட்டான். அவங்க அம்மா அப்படியே பார்த்துட்டு நின்னாங்க. "இதுகூடப் படிப்புலதான் சேருமா தம்பி?"ன்னு எங்கிட்ட ரகசியமாக் கேட்டாங்க. சேரும்கா, பாதித் தேர்வே இதுதான்னு சொன்னேன்.

நாலாவது மேஜைக்கு வேலைன்னு ஒண்ணும் இல்ல. டீ, மசால் வடை, அவ்வளவுதான். ஏற்கெனவே என்.எம்.எம்.எஸ். வாங்குற பிள்ளைங்களோட அம்மாக்கள் மூணு பேர் உக்காந்திருந்தாங்க. கூடவே என் கிளாஸ்மேட். நான் அரை மணி நேரம் ஸ்லைடு போட்டுச் சொல்லாததை அந்த மேஜையில பத்து நிமிஷத்துல பேசிட்டாங்க. செலக்ட் ஆனதோட முடியாது, இணையதளத்துல திரும்பப் பதியணும், வருஷாவருஷம் புதுப்பிக்கணும், நாங்க ஒரு வருஷம் விட்டுட்டோம், நீங்க விட்றாதீங்க. பொண்ணை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப மாமியார் ஒத்துக்கலையா, நான் வந்து பேசறேன். உனக்கு ஏ ஷிப்ட்டா, எனக்கு பி, ரெண்டு பிள்ளைங்களையும் காலையில நான் கூட்டிட்டுப் போறேன். இந்தக் கடைசிப் பேச்சை எந்த அரசாணையும் எழுத முடியாது. மாவட்டப் போட்டிக்குப் போக முடியாம நின்ன பிள்ளைக்கு அதுதான் வேணும்.

அவகிட்ட நான் அன்னைக்குத்தான் முதல் தடவையா அந்த வருமானச் சான்றிதழ் கதையைக் கேட்டேன். பதினஞ்சு வருஷம் கழிச்சு. "உங்க அப்பா மூணாவது தடவை போயிருந்தா?"ன்னு கேட்டேன். "எங்க அப்பாவைச் சொல்லாதே. அவர் ரெண்டு நாள் கூலியை விட்டாரு. ஆண்டு விழா அன்னைக்கு உங்க மாமா எங்க அப்பா பக்கத்துலதான் நின்னாரு, ஞாபகம் இருக்கா?"ன்னு திருப்பிக் கேட்டா. எனக்கு ஞாபகம் இல்ல. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னிருக்காங்க. ஒரு வார்த்தை பேசியிருந்தா போதும். பேச வைக்கத்தான் யாரும் இல்ல.

இன்னும் சரியாகாத விஷயம் ஒண்ணு இருக்கு. அப்பாக்கள் வர்றதில்ல. முப்பத்திநாலு வீட்டுல இருந்து வந்ததுல அப்பாக்கள் அஞ்சு பேர். வடைக்கு பதிலா பிரியாணி போடலாம்னு ஒருத்தன் ஐடியா கொடுத்தான், பட்ஜெட் இல்ல. கம்பெனி பஸ் நிக்கிற இடத்துலயே ஒரு மேஜை போடலாம்னு அவ சொல்றா. ரெண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு இறங்குறப்போ பத்து நிமிஷம் நிறுத்திப் பிடிக்கலாம்ங்கறா. அடுத்த மாசம் முயற்சி பண்ணப் போறோம். திருவள்ளூர் பக்கம் இருக்கிறவங்க, ஃபார்ம் நிரப்பத் தெரிஞ்சவங்க, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மா இருக்கிறவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க. ப்ரொஜெக்டர் கொண்டு வர வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தா எடுத்துட்டு வாங்க, அந்த ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்யுது.