டோக்கன் போடுவதற்கு முன்

(ஜமாஅத் மண்டபத்தில் நடந்த குடும்ப ஆலோசனைக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும்தான். அவ்வப்போது வேறு மாதிரி ஒரு மனு வரும். "வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம், மாட்டிக்கொண்டது, பேசி வாங்கித் தாருங்கள்" என்று எழுதியிருப்பார்கள். சவூதியில் பத்துப் பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்று சம்பாதித்த பணமாக இருக்கும். பணம் கைமாறிய பிறகு எங்களிடம் வந்தால் சமாதானம் பேசத்தான் முடியும். அதனால்தான் இன்று முன்கூட்டியே பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் தரகரைப் பற்றி. தரகுத் தொழில் ஹலாலானதுதான். மதீனாவில் வியாபாரிகளைத் தரகர்கள் என்ற பொருளில் 'ஸமாஸிரா' என்று அழைத்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைவிட அழகான 'துஜ்ஜார்' என்ற பெயரைச் சூட்டி, வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடும், எனவே தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். ஆக, தரகரை நாம் இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பது மட்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 லட்சத்துக்கு ஒரு வீடு. 2 சதவீதம் கமிஷன் என்று பேசினால் தரகருக்கு 60,000 ரூபாய். நமக்காகப் போராடி ஒரு லட்சம் குறைத்துக் கொடுத்தால் அவருக்குக் கமிஷனில் 2,000 ரூபாய் குறையும். வியாபாரமே முறிந்தால் 60,000மும் போகும். இப்போது சொல்லுங்கள், அவருக்கு விலை முக்கியமா, வியாபாரம் முடிவது முக்கியமா? அவர் கெட்டவர் என்பதல்ல, அவருடைய கணக்கு அப்படி. அதனால் "எங்களிடம் 32 வரை இருக்கிறது" என்று அவரிடம் சொன்னால், அன்று மாலையே வீட்டுக்காரர் 32க்கு வந்து நிற்பார். "மகள் கல்யாணத்துக்கு முன்னால் குடிபோக வேண்டும்" என்று சொன்னாலும் அதே கதைதான். வீட்டைப் பார்க்கப் போகும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுப்படி பிடித்திருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், அங்கேயே சொல்ல வேண்டாம். (என் வீட்டில் சொன்னார்கள். அதன் விலை எனக்குத் தெரியும்.)

கமிஷனை முதல் நாளே பேசிவிடுங்கள். எத்தனை சதவீதம், எப்போது கொடுப்பது என்று முடிவாகட்டும். பத்திரம் பதிந்த அன்று கொடுப்பதே நல்லது. விலை சொல்வதற்கு முன் வீட்டுக்காரரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொன்னது 28ஆக இருக்கும், நம் காதுக்கு வருவது 31ஆக இருக்கும். நடுவில் இருக்கும் மூன்று லட்சம் எங்கே போகிறது என்பது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் தெரியும். புதிய அடுக்குமாடி வீடு என்றால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்த திட்டங்களை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இனி என் கதையைச் சொல்கிறேன். 2013இல் ஒரு வீடு பார்த்தேன். அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீடு 28 லட்சம் போய்க்கொண்டிருந்தது. தரகர் 24க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். "பாய், காலையில துபாய் பார்ட்டி வருது. இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க, வீடு உங்களுக்குத்தான்" என்றார். மதரஸாவில் ஓதி, கல்லூரியிலும் படித்த நான், நான்கு லட்சம் ஏன் குறைகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 50,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். 20 ரூபாய் பத்திரத்தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இங்கேதான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள். பதிவு அலுவலகத்தில் பதிந்தது மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். அத்தா மவுத்தாகிவிட்டார், பிள்ளைகளுக்குப் பங்கு வந்துவிட்டது என்பதெல்லாம் அதில் வராது. நம்மவர்கள் வாய்மொழியாகக் கொடுத்து, ஒப்படைத்து, பெற்றுக்கொள்ளும் ஹிபாவும் பதியாமலேயே செல்லும். அதுவும் அதில் வராது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டேன். பத்து நாள் இழுத்துவிட்டுக் கொடுத்தார்கள். தாயார், இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். என்னிடம் பேசியது மகன்கள் மட்டும்தான்.

இளைய மகள் வெளியூரில் இருந்தார். "அவங்க கையெழுத்தை நான் வாங்கித் தர்றேன், நீங்க அலைய வேண்டாம்" என்றார் தரகர். அலைய வேண்டாம் என்று சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. என் மனைவியையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அந்தச் சகோதரி தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுக்குப் பேசினீங்க?" என்பதுதான். 24 என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவரிடம் 18 என்று சொல்லியிருந்தார்கள். பத்திரத்தில் எப்படியும் குறைத்துத்தானே எழுதப்போகிறார்கள், அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

24 லட்சத்தில் தாயாருக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். மீதி 21 லட்சத்தை ஆறு பங்காக்கினால் மகன்களுக்கு ஏழு ஏழு லட்சம், மகள்களுக்கு மூன்றரை மூன்றரை லட்சம். 18 என்று சொன்னால் ஒரு மகளுக்குக் கணக்கு 2,62,500தான் வரும். "கல்யாணத்தில் நகை போட்டோமே" என்பது அண்ணன்மார்களின் பதில். கல்யாணத்தில் போட்ட நகை வாரிசுப் பங்கைக் கழிக்காது என்பது ஹஜ்ரத்மார்கள் இங்கே பலமுறை சொன்னதுதான். எனக்கு மலிவாகக் கிடைத்த நான்கு லட்சத்தின் வேரும் அப்போதுதான் புரிந்தது. அந்தத் தங்கை விழித்துக்கொள்வதற்குள் விற்றுவிட வேண்டும் என்ற அவசரம்தான் அந்த விலைக் குறைப்பு.

நான் விலகிக்கொண்டேன். 50,000த்தில் 35,000 ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மீதி 15,000க்கு அந்த நான்கு வரித்தாளில் ஒரு வார்த்தையும் இல்லை.

அதனால் சொல்கிறேன், அட்வான்ஸ் தாளில் இரண்டு விஷயம் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். ஆவணங்களில் குறை இருந்தாலோ வாரிசுகளில் ஒருவர் மறுத்தாலோ முழுத்தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்பத் தரப்படும் என்று இருக்க வேண்டும். எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சட்டமே இருக்கிறது. செலவைப் பார்த்து நாம்தான் விட்டுவிடுகிறோம். வாங்குபவர் மனம் மாறினால் அட்வான்ஸை வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஃபிக்ஹில் இதற்குப் 'பைஉல் உர்பூன்' என்று பெயர். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் கூடாது என்பதும் ஹன்பலியில் ஆகும் என்பதும் பிரபலமான கருத்து. உங்கள் விஷயத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவராக இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்த வருடம் வேறொரு வீடு வாங்கினேன். 30 சொன்னார்கள். இந்த முறை நான் விலை பேசவே இல்லை. தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது, 30 வருட வில்லங்கம் எல்லாம் வாங்கி வக்கீலிடம் காட்டினேன். தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துப்போய் மாடி ஒழுக்கையும் பழைய ஒயரிங்கையும் காட்டி, பழுதுபார்க்க என்ன செலவு என்று எழுதி வாங்கினேன். பக்கத்து மனைகளின் வில்லங்கத்தைப் போட்டால் அண்மையில் பதிந்த விலையும் தெரியும், குறைத்து எழுதியிருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பிறகு வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து, கொத்தனார் கணக்கை அவரிடமே கொடுத்து, 26 என்றேன். வீட்டைக் குறை சொல்லவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. மூன்று வாரம் நான் போன் செய்யவில்லை. தரகர்தான் தினமும் செய்தார். 27,25,000க்கு முடிந்தது.

பத்திரச் செலவையும் சேர்த்துத்தான் நம் வரம்பைப் போட வேண்டும். 2023 மார்ச் வரை முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம் என்று இருந்தது. 30 லட்சத்துக்கு அப்போது 3,30,000 ஆனது. இதை மிச்சம் பிடிக்கத்தான் 'பாதி கறுப்பு, பாதி வெள்ளை' என்று தரகர் யோசனை சொல்வார். வேண்டாம். வீடு, மனை விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமானவரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. வியாபாரம் முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்ததற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கும்?

இன்னொன்று, நமக்குள். ஒரே ஜமாஅத்தில் இரண்டு குடும்பம் ஒரே வீட்டுக்குப் போட்டி போட்டு, தரகர் இங்கேயும் அங்கேயும் போய் விலையை ஏற்றிய சம்பவம் இந்த வருடமே நடந்தது. ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் அடுத்தவர் புகுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடும் 'நஜஷ்' என்பதையும் தடுத்திருக்கிறார்கள். தரகர் சொல்லும் துபாய் பார்ட்டி பல நேரம் இந்த வகைதான். "வேறு யாராவது கேட்கிறார்களா?" என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். நம் தெருவாசியாக இருந்தால் ஒரு போன் போடுங்கள்.

ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். பத்திர நகல்களை எடுத்து வாருங்கள், தெரிந்த வக்கீலிடம் காட்டிச் சொல்கிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வந்தால் போதும். மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. வஸ்ஸலாம்.