மோட்டார் வண்டியில் அமரும் முறை

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவர்க்கு மோட்டார் வண்டி புதுமையன்று. மாதுங்காவுக்குள் ஆட்டோ ரிக்ஷா வருவதில்லையாதலால், டாக்சியில் ஏறாத குடும்பம் அங்கே அரிது. பத்மினி என்ற பழைய கறுப்பு மஞ்சள் டாக்சியை நாம் மறந்திருக்கமாட்டோம். அதன் பின்னிருக்கையில் நால்வர் நெருங்கி அமர்ந்து, குழந்தையை மடியிலிருத்தி, மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றித் தாதர் நிலையத்துக்குச் செல்வோம். 2023 அக்டோபர் 30 முதல் அவ்வண்டி டாக்சியாக ஓடுவதில்லை. வண்டி போயிற்று; அமரும் பழக்கம் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது.

சீட் பெல்ட் எனப்படும் இருக்கை வார் முன்னால் இருப்பவர்க்கே உரியது என்பது நம்மிற் பலர் எண்ணம். 2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்புகையில், பால்கர் மாவட்டத்துச் சூர்யா ஆற்றுப் பாலத்தில் வண்டி மோதி உயிர் நீத்தார். விலையுயர்ந்த வண்டிதான். ஆயினும் பின்னிருக்கையிலிருந்த இருவரும் மாண்டனர். முன்னிருந்த இருவர் படுகாயத்துடன் பிழைத்தனர். பின்னிருந்தோர் வார் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பர் 1 முதல் மும்பைப் போக்குவரத்துப் போலீசார் வண்டியிலுள்ள அனைவருக்கும் வாரைக் கட்டாயமாக்கினர். அணியாவிடில் அபராதம் உண்டு.

அபராதம் கிடக்கட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதி நின்றால், வண்டிதான் நிற்கிறது; உள்ளிருக்கும் நாம் அதே வேகத்தில் முன்னே பாய்கிறோம். அது ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக்கு மேலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். பத்தில் ஒரு நொடியில் வண்டி நின்றுவிடுமாயின், மடியிலுள்ள 10 கிலோ குழந்தையைத் தாங்க, 170 கிலோ சுமையைத் தூக்கும் வலிமை தாய்க்கு வேண்டும். எந்தத் தாயின் கைகளுக்கு அது இயலும்? குழந்தைக்கெனத் தனி இருக்கை விற்கிறது. அதைப் பின்னிருக்கையிற் பொருத்துவதே முறை. முன்னிருக்கைக் காற்றுப் பை விரியும் விசை குழந்தைக்கு ஆபத்து.

வாரையும் அணியும் விதம் அறிந்து அணிய வேண்டும். கீழ்ப்பகுதி வயிற்றின்மேலன்று, இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். மேற்பகுதி தோளின் நடுவாக வந்து மார்பைக் கடக்க வேண்டும். அக்குளுக்கடியிற் செருகுவது விலா எலும்புக்குக் கேடு. கருவுற்ற பெண்கள் கீழ் வாரை வயிற்றுக்குக் கீழே தாழ்த்தி அணிக. சேலை மடிப்பு வாருக்கடியில் திரண்டால் நீவிவிடுக.

சௌகரியமும் இதனோடு சேர்ந்ததே. புனா வரை செல்வோர் முதுகை நன்றாகச் சாய்த்து அமர்ந்து, இடுப்புக்குப் பின் ஒரு மடித்த துண்டை வைத்துக்கொண்டால் வலி குறையும். தலையணையின் உச்சி நம் உச்சந்தலை அளவுக்கு உயர்ந்திருப்பது கழுத்துக்கு நலம். ஓட்டுபவர் மார்புக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் போதாது. அதற்கு மேலும் சற்று வேண்டும்.

டாக்சிகளில் மற்றொரு தொல்லை உண்டு. பின்னிருக்கை வாரின் கொக்கி பலவேளை உறைக்கு அடியிற் புதைந்து கிடக்கும். வண்டி நகருமுன்பே டிரைவரிடம் சொல்லி அதை வெளியே எடுக்கச் செய்யலாம்; அவர் முணுமுணுத்தாலும் எடுத்துத் தருவார்.