வீட்டு விளக்கின் ஒளியைக் கூட்டலும் குறைத்தலும்



அரிக்கேன் விளக்கைக் கண்ணால் கண்டிராதவர்கள் உங்களுள் பலர் இருக்கக்கூடும். அவ்விளக்கின் பக்கத்தில் சிறிய திருகு ஒன்று இருக்கும். அதனை ஒருபுறம் திருப்பினால் திரி உயரும். மறுபுறம் திருப்பினால் தாழும். பாடம் படிக்கும்போது திரியை உயர்த்துவார்கள். உறங்கப் போகும்போது தாழ்த்தி, நடைவழியின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். அகல் விளக்கின் அருகே தூண்டுகோல் கிடந்ததும் இதன் பொருட்டே. மின்விளக்கு வந்தபின் இந்த வசதி நம் வீடுகளை விட்டுப் போயிற்று. சுவிட்சைப் போட்டால் முழு ஒளி, எடுத்தால் முழு இருள் என்றாயிற்று. போன வசதியை மீட்டுத் தருவதாகக் கூறும் கருவிகள் இப்பொழுது கடைகளில் நிறைந்து கிடக்கின்றன. வீடு முழுவதற்குமாக அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் எதனைக் கருத வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

தண்டையார்பேட்டையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். (தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களை மக்கள் தொண்டியார் என்று அழைத்தமையால் அவ்வூருக்கு அப்பெயர் வந்தது என்று சொல்வர்.) அவர் துறைமுகத்தில் முறைவேலை பார்ப்பவர். பழைய வீட்டின் வயரிங் முழுவதையும் மாற்ற எண்ணி என்னைக் கலந்துகொண்டார். வட சென்னையின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. முகப்பு ஒடுக்கம்; உள்ளே நீளம்; சுவர்கள் கனமானவை. நடு அறையில் நண்பகலிலும் விளக்கு வேண்டும். அந்த ஓர் அறையிலேயே இரவு வேலை முடித்து வந்த தந்தை உறங்க வேண்டும். கல்லூரியில் பயிலும் மகள் படிக்க வேண்டும். கண்ணில் புரை வளர்ந்துள்ள பாட்டியார் நள்ளிரவில் எழுந்து பின்கட்டுக்குப் போக வேண்டும். அவர் முன்பு ஒருமுறை நடையில் இடறி விழுந்தவர். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி மாளிகைகளுக்கு உரிய ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இவ்வீட்டைப் பார்க்க வேண்டும். தனித்தனி அறை உடையவனுக்கு இக்கருவி வேடிக்கைப் பொருள். ஒரே அறையில் நால்வர் வாழும் இடத்திலேதான் அது தேவையாகிறது.

இனி, கருவி வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். பழங்காலத்து மின்விசிறிக்குப் பெரிய பெட்டி போன்ற ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. தொட்டால் சுடும். விசிறிக்குப் போகும் மின்னோட்டத்தின் குறுக்கே மின்தடைக் கம்பியை வைத்து, வேகத்தைக் குறைப்பது அதன் முறை. மின்சாரத்தில் ஒரு பகுதி அங்கே வெப்பமாகி வீணாகும். விளக்குக்கும் தொடக்கத்தில் இம்முறையே கையாளப்பட்டது. மேல்நாட்டு நாடக அரங்குகளில் உப்புநீர்த் தொட்டிக்குள் உலோகத் தகடுகளை ஏற்றியும் இறக்கியும் மேடையொளியை மாற்றினார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் தைரிஸ்டர் என்னும் குறைகடத்திச் சாதனத்தை உருவாக்கினர். இரண்டே ஆண்டுகளில் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்பவர், சுவரிலுள்ள சுவிட்சுப் பெட்டிக்குள் அடங்கும் ஒளிக் குறைப்பானை அத்தகைய சாதனத்தைக் கொண்டு அமைத்தார். அதன் நுட்பம் எளியது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுடையது; ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பாதி. ஆகவே நொடிக்கு 100 முறை, 10 மில்லிநொடிக்கு ஒருமுறை, மின்னழுத்தம் எழுந்து விழுகிறது. ஒவ்வொரு பாதியிலும் முதல் 5 மில்லிநொடி கதவை அடைத்துவைத்துப் பிறகு திறந்தால், பாதி ஆற்றலே விளக்குக்குச் செல்லும். தடுத்து எரிப்பதில்லை, வெட்டி அனுப்புவதே இம்முறை. ஆதலால் வெப்பமாக வீணாவது மிகக் குறைவு.

இழை விளக்குக்கு இம்முறை நன்கு பொருந்திற்று. இழை சூடேறியிருப்பதால், மின்சாரம் வெட்டுப்படும் அந்தச் சிறு இடைவெளி நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எல்.இ.டி. விளக்கின் கதை வேறு. அதற்கு அத்தகைய வெப்பச் சேமிப்பு இல்லை. மின்சாரம் நின்றவுடன் ஒளியும் நிற்கும். அதனுள் இருக்கும் சிறு மின்னணுச் சுற்று, வருகின்ற அலையைச் சீர்ப்படுத்தித் தருகிறது. வெட்டுண்ட அலையை ஏற்கும்படி அச்சுற்று அமைக்கப்படவில்லையேல் விளக்கு துடிக்கும், ரீங்கரிக்கும், சில வேளை விரைவில் பழுதாகும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இழை விளக்குகளுக்கென்று செய்யப்பட்ட பழைய குறைப்பான்கள் ஒரு குறைந்தபட்சச் சுமையை எதிர்பார்ப்பவை. 60 வாட் விளக்குகள் நான்கை எதிர்பார்த்துச் செய்த கருவியில் 9 வாட் விளக்கு ஒன்றை மாட்டினால் அது தடுமாறுவது இயல்பே. அலையின் முன்பகுதியை வெட்டும் கருவியைவிடப் பின்பகுதியை வெட்டும் கருவி எல்.இ.டி.க்குப் பெரும்பாலும் நன்கு இசைகிறது. விசிறி ரெகுலேட்டரை விளக்குக்கும், விளக்கின் குறைப்பானை விசிறிக்கும் மாட்டும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

நண்பரிடம் வந்த வணிகர், இவ்வமைப்பினால் மின்கட்டணம் பெரிதும் குறையும் என்று கூறியிருந்தார். அதனைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 9 வாட் விளக்கை நாள்தோறும் 4 மணி நேரம் பாதி ஆற்றலில் எரித்தால், ஆண்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ ஆறரை யூனிட். விளக்கு ஆறு என்றாலும் 40 யூனிட்டை எட்டாது. அதே வீட்டில் 75 வாட் கொள்ளும் பழைய விசிறி ஒன்றை நீக்கி, 30 வாட் அளவில் சுழலும் புதிய விசிறியை மாட்டினால், நாளுக்குப் பத்து மணி நேரக் கணக்கில் ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். அங்கிருந்து வடக்கே சில கல் தொலைவில்தான் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 வரை இயங்கிற்று. அதற்கும் வடக்கே அத்திப்பட்டில் வட சென்னை நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்ததை அவ்வட்டாரத்து மீனவர்கள் நன்கறிவர். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மிச்சத்துக்காக விசிறியை மாற்றுங்கள். கண்ணுக்காக ஒளிக் குறைப்பானை வாங்குங்கள்.

வணிகர் பரிந்துரைத்தது வீடு முழுவதையும் கைப்பேசியால் ஆளும் அமைப்பு. அதன் விலை, அப்பெண் கல்லூரிக்கு ஓராண்டு கட்டும் தொகைக்குச் சமமாக இருந்தது. இத்தகைய அமைப்புகள் பலவகைப்படும். பெரிய அலுவலகங்களில் டாலி என்னும் முறை வழங்குகிறது; இரண்டு கம்பிகள் வழியே 64 விளக்குச் சாதனங்கள் வரை தனித்தனியே கட்டளை பெறும். உறுதியானதுதான், ஆனால் சுவரைத் திறந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். கம்பியில்லாமல் வானொலி அலைகளால் இயங்குபவை உண்டு. கனத்த செங்கற்சுவர்கள் அவ்வலைகளை நலிவடையச் செய்யும். வேறு சிலவற்றில், நடையிலுள்ள விளக்கை ஏற்றும் கட்டளை எங்கோ தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்! அந்நிறுவனம் மூடப்பட்டால் கருவியும் ஊமையாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் என்னவாயின என்பது நினைவிருக்கும். இன்வர்ட்டரில் ஒரு விளக்காவது எரியும் வேளையில், இணையம் இல்லை என்பதற்காகச் சுவிட்சு மறுக்கக்கூடாது.

பாட்டியாரின் கருத்தையும் கேட்டேன். "தம்பி, இருட்டில் கை வைத்தால் தட்டுப்படுகிற ஒரு சுவிட்சு இருந்தால் போதும். அந்தப் பேசியை நான் எங்கே தேடுவேன்?" என்றார். அமைப்பு முழுவதையும் அந்த ஒரு சொல்லே தீர்மானித்தது எனலாம். மேலும், அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினருக்குக் கிட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பர். புரை வளர்ந்த கண்ணுக்கு நேரே வரும் ஒளி சிதறிக் கூச்சமும் தரும். அவருக்கு வேண்டியது மங்கிய ஒளியன்று; தரையில் விழுந்து, கண்ணில் படாத ஒளி.

ஆகவே நடைவழியில் முழங்காலுக்குக் கீழே, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்குகள் இரண்டினை அமைத்தோம். நடு அறைக்கு, கையால் திருகும் ஒளிக் குறைப்பானும், குறைக்கத்தக்கது என்று உறையில் அச்சிட்ட விளக்குகளும். மகளுக்குத் தனியே மேசை விளக்கு. அறைவிளக்கின் ஒளியைக் கருவியால் அளந்து கால்பங்காகக் குறைத்தாலும் கண்ணுக்கு அது பாதியாகவே தோன்றும். தந்தை உறங்குவதற்கு அதனினும் தாழ்த்த வேண்டியிருந்தது. அடுக்களைக்கும் குளியலறைக்கும் வெறும் சுவிட்சே. பின்னொரு நாள் வேண்டியிருப்பின் பயன்படட்டும் என்று எல்லாச் சுவிட்சுப் பெட்டிகளுக்கும் நியூட்ரல் கம்பியை இழுத்துவைத்தோம். புதிய கருவிகளுள் பெரும்பாலானவை அதனைக் கேட்பவை. மிஞ்சிய பணத்தில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் சரியான நிலத்தொடர்பும் செய்யப்பட்டன. கடற்காற்றின் உப்பு சுவிட்சின் உள்ளுறுப்புகளை அரிக்கும் ஊர் அது. விலை மலிந்த சுவிட்சுகள் அங்கே நெடுநாள் நில்லா.

நீங்கள் கடைக்குச் சென்றால், விளக்கையும் குறைப்பானையும் ஒன்றாக இணைத்துக் காட்டும்படி கேளுங்கள். மிகத் தாழ்த்திய நிலையில் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை விளக்குக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அடர்ந்து ஓடினால் அது துடிக்கும் விளக்கு, திருப்பிக் கொடுத்துவிடலாம். அருகே காதை வைத்துக் கேளுங்கள். பிறகு முழுவதும் அணைத்து, தாழ்ந்த நிலையிலேயே மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள். அந்நிலையில் எரிய மறுக்கும் விளக்குகளும் உண்டு.