தலைநகரில் நமது பள்ளிக்கூடங்கள்



ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் நிற்கும் சுவாமிநாத சுவாமி ஆலயத்தைத் தில்லிவாசிகள் எல்லோரும் மலை மந்திர் என்ற பெயரால் அறிவர். அதற்குக் குடமுழுக்கு நடந்தது 1973-ஆம் ஆண்டில். அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்னரே, 1923-இல், தென்னாட்டு உத்தியோகஸ்தர்கள் கூடித் தம் பிள்ளைகளின் படிப்புக்காக மதராஸி கல்விச் சங்கத்தைத் தொடங்கிவிட்டனர். பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று பெயர் பெற்றது அதுவே. பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் ஏன் அத்தனை அவசரப்பட்டனர் என்பதை அறிய, அந்தக் காலத்துக் குமாஸ்தாவின் வாழ்க்கையைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றுவதாக 1911-இல் அறிவித்தார்கள். ஆயினும் புதுதில்லியின் திறப்பு விழா 1931-இல்தான் நடைபெற்றது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் ரைசினா பகுதி சுண்ணாம்பும் செங்கல்லும் குவிந்த வெளியாகவே கிடந்தது. மேலும், கோடை பிறந்தால் சர்க்கார் சிம்லாவுக்குப் புறப்பட்டுவிடும். கோப்புகள் பெட்டிகளில் ஏறும். குமாஸ்தாக்களும் உடன் செல்வர். கல்காவில் இறங்கிச் சிறு ரயிலில் மாறி, சுரங்கங்களைக் கடந்து மலையேற வேண்டும். குளிர் வந்ததும் திரும்ப வேண்டும். இவ்வாறு ஓராண்டை இரண்டாகப் பிளந்துகொண்டு வாழ்ந்த வீட்டில், தமிழ் பேசும் சிறுவன் எங்கே, எந்த மொழியில் படிப்பான்? பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் மட்டும் வடக்கே வந்து கிடப்பது ஒரு வழி. அது வேண்டாம் என்று எண்ணியவர்களுக்குச் சொந்தமாகப் பள்ளி வைப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

மதராஸி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அது எப்போதும் ஒரு சிக்கல். விந்தியத்துக்குத் தெற்கே பிறந்தவர் அனைவரையும் வடநாட்டார் அந்த ஒரே பெயரால் அழைத்தனர். சிலர் அதைக் கேட்டு இன்றும் முகம் சுளிப்பதுண்டு. அன்று சங்கம் அமைத்தவர்களோ அதையே தம் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டார்கள். அப்போது தமிழர், தெலுங்கர், மலையாளிகள் பலருக்கும் சென்னை மாகாணமே பொது முகவரி. 1948-இல் துர்காபாய் தேஷ்முக் அவர்கள் ஆந்திரக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்த பின்னர், தெலுங்குப் பிள்ளைகளுக்கும் தலைநகரில் தனியாக ஒரு நிறுவனம் கிடைத்தது.

மந்திர் மார்க் வழியே நடந்து செல்பவர் இந்தக் கதையைக் கண்ணாலேயே காணலாம். ரீடிங் பிரபு வைஸ்ராயாக இருந்ததன் நினைவாக அதற்கு முன்பு ரீடிங் ரோடு என்று பெயர். 1939-இல் காந்தியடிகள் திறந்துவைத்த லட்சுமி நாராயண் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. வங்காளிகளின் ரைசினா பள்ளியும் காளி கோயிலும் அதே சாலையில். நமது பள்ளியும் அங்கேதான். கோல் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த சர்க்கார் குடியிருப்புகளிலிருந்து குழந்தைகள் கால்நடையாகவே வந்து சேரக்கூடிய தூரம் அது.

பின்னர் தோன்றிய பள்ளிகளும் இவ்வாறே குடியிருப்புகளின் பின்னால் சென்றன. லோதி காலனியில் நம்மவர் பெருகினர். லோதி எஸ்டேட்டில் ஒரு பள்ளி வந்தது. கரோல் பாகில் வாடகை வீடு பிடித்தவர்களுக்குப் பூசா சாலைப் பள்ளி அருகில் அமைந்தது. லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், கடைசியாக மேற்கே ஜனக்புரி என்று, மந்திர் மார்க்கையும் சேர்த்து ஏழு இடங்கள். இந்த ஏழையும் ஒரு நகரப் படத்தில் புள்ளியிட்டுப் பாருங்கள். தில்லித் தமிழன் எங்கெங்கே குடியிருந்தான் என்பது அதில் விளங்கிவிடும்.

கட்டடங்கள் எளிதில் எழுந்துவிடவில்லை. 1941-இல் சுமார் 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, பிரிவினைக்குப் பின் 1951-இல் 17 லட்சத்தைத் தாண்டியது. நகரத்தில் பல பள்ளிகள் கூடாரங்களில் நடந்த காலம் அது. மே மாதப் புழுதிக் காற்றில் கூடாரத்துக்குள் கணக்குப் போட்டவர்கள் இன்று முதியோராக நம்மிடையே இருக்கின்றனர். உயர்நிலைப் படிப்பு என்றாலோ கூடாரம் போதாது. பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் தண்ணீர்க் குழாயும் மேடையும் கொண்ட சோதனைச்சாலை வேண்டும். 1970-களில் பன்னிரண்டு வகுப்புத் திட்டம் வந்தபோது இன்னும் அறைகள் தேவைப்பட்டன.

மாற்றல் ஆகும் உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளுக்கென 1963 முதல் மத்திய அரசே நடத்திவரும் கேந்திரிய வித்யாலயங்கள் வசதியானவைதாம். ஆனால் தாய்மொழியைப் பள்ளியில் படிக்க விரும்பிய தமிழ் வீட்டார் நம் பள்ளியையே நாடினர். காலப்போக்கில் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளும் அவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இனி நம் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். நாம் வாழும் சர்க்கார் வீடு நமதன்று. நம் தந்தையார் ஓய்வு பெற்ற சில மாதங்களில் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். முற்றத்திலிருந்த கறிவேப்பிலைச் செடியை என்ன செய்வது என்று நம் அன்னையார் கேட்டது நினைவிருக்கிறது. அடுத்துக் குடிவருபவருக்கு விட்டுவந்தோம். இப்போது அந்த வீடுமில்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மஞ்சள் பூசிய இரண்டு மாடி வரிசைகளுக்குப் பதிலாகப் பல அடுக்கு மாளிகைகள் எழத் தொடங்கின. நம்மவரில் பலர் நொய்டாவுக்கும் துவாரகைக்கும் குடிபெயர்ந்தனர். ஊரில் வீடு கட்டித் திரும்பிச் சென்றவர்களும் உண்டு.

ஆக, தலைநகரில் நம் தலைமுறையின் நிலையான முகவரி பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதன் சரித்திரமோ தொடர்ந்து எழுதப்படவில்லை. நம் வீட்டு டிரங்குப் பெட்டிகள் ஓய்வு பெற்றவர்களோடு தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் போய்விட்டன. வகுப்புப் புகைப்படங்கள், கட்டட நிதி ரசீதுகள், ஆண்டு விழா அழைப்பிதழ்கள் எல்லாம் அவற்றினுள் கிடக்கின்றன. பம்பாய் மாதுங்காவில் 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் படித்த நேயர்களிடமும் இத்தகைய பெட்டிகள் இருக்கக்கூடும்.

அவற்றைத் திறந்து பாருங்கள். புகைப்படத்தின் பின்புறத்தில் ஆண்டையும் வகுப்பையும் எழுதி வையுங்கள். பின்னணியில் தெரிவது கூடாரமா, தகரக் கூரையா, செங்கற் சுவரா என்பதையும் அதனோடு ஒரு வரி சேர்த்துக் குறித்துவிட்டு, அதன் பிரதி ஒன்றைப் பள்ளிக்கு அனுப்பிவையுங்கள்.