கட்சி கட்டினாலும் கட்டிப்பிடிப்போம்!

(பட்டிமன்றத் தலைப்பு: ஆட்டக்களத்தில் கட்சி கட்டுவது மனிதரை இணைக்கிறதா? பிரிக்கிறதா? – ‘இணைக்கிறது’ என்ற அணியில் பேசியது)

  

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், “உதைக்கிறவன் இருபத்திரண்டு பேரு, பார்க்கிறவன் ஏன் அடிச்சுக்கணும்?” என்று கேட்டாங்க. நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். தலைப்பு ஒண்ணுதான். இரண்டு அணியாப் பிரிஞ்சு இங்கே நாம என்ன செய்துகிட்டிருக்கோம்? (சிரிப்பு) வரும்போது ஒரே வேனிலேதான் வந்தோம். வழியிலே என் பொட்டலத்து முறுக்கில் பாதியைச் சாப்பிட்டதும் அந்த அம்மையார்தான்! (கைதட்டல்)

நம் லாவணிக் கலைஞர்கள் செய்ததும் இதுதானே! மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. விடிய விடிய வாதம். எதிர்க்கட்சிக்காரர் வரவில்லை என்றால் லாவணியே கிடையாது, ஐயா!

கால்பந்திலே இதைப் பார்க்கணும்னா கொல்கத்தாவுக்குப் போகணும். அங்கே இரண்டு கழகங்கள். 1889-இல் பிறந்தது மோகன் பகான். 1920-இல் பிறந்தது ஈஸ்ட் பெங்கால். அந்த ஊர்க்காரர்களை ‘கோட்டி’ என்பார்கள். அவர்கள் பெரும்பாலும் மோகன் பகான். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’; அவர்கள் ஈஸ்ட் பெங்கால். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். பந்தாட்டம் என்று வந்துவிட்டால் அங்கே இரண்டு பேரும் கோட்டிதான்! (சிரிப்பு)

ஒரு கருத்தரங்குக்காக அங்கே போயிருந்தேன். பேராசிரிய நண்பர் வீட்டில் விருந்து. மாமனாராகிய அவர் ஈஸ்ட் பெங்கால். மருமகன் மோகன் பகான். அன்று மாலை இரண்டு கழகமும் மோதுகின்றன. ஒரே டாக்சியில் போனோம். இறங்கியதும் அவர் சிவப்பும் பொன்னிறமும் கலந்த கொடிப்பக்கம் போனார். மருமகன் பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த கொடிப்பக்கம் போனார். நான்? சோறு போட்டவர் பக்கம்! (சிரிப்பு, கைதட்டல்)

அங்கே வெற்றிக்கு ஒரு சமையல் உண்டு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். நம்மூரில் அதற்கு உள்ளம் மீன் என்று பெயர். மோகன் பகான் ஜெயித்தால் இறால். அன்று ஜெயித்தது மோகன் பகான். மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் திரும்பும் வழியில் டாக்சியைச் சந்தையருகே நிறுத்தச் சொன்னார். தன் காசிலே இறால் வாங்கினார். “என்ன ஐயா, தோற்றவர் வாங்குறீங்க?” என்றேன். “அடுத்த தடவை அவன் எனக்கு இலிஷ் வாங்கணுமில்ல?” என்றார். வாங்கியது இறால்தான், ஆனால் எனக்குத் தெரிந்தது உள்ளம்! (கைதட்டல்)

ஒரு கழகத்தின் மேல் இவ்வளவு பற்று எதற்கு என்று எதிரணி கேட்கலாம். 1911-இல், வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் 2-1 என்று மோகன் பகான் வென்றது. ஆடியவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுக்கு அந்த வெற்றி முதுகை நிமிர்த்தியது.

1947-இல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளத்து மக்கள் வீட்டை விட்டு, வயலை விட்டு, கையில் மூட்டையோடு கொல்கத்தா வந்தாங்க. இன்றைக்கு உலகப் படத்தைப் பிரித்துப் பாருங்கள். கிழக்கு வங்காளம் என்ற பெயரில் ஒரு நாடு இல்லை, ஒரு மாநிலம் இல்லை. அந்தப் பெயர் ஒரு பந்தாட்டக் கழகத்தின் சட்டையிலே மிஞ்சியிருக்கிறது! ஊரை இழந்தவனுக்கு அந்தக் கழகம்தான் ஐயா ஊர்! (பலத்த கைதட்டல்)

அந்த அகதிகளின் கழகத்துக்கு 1949 முதல் மூன்றாண்டு தொடர்ந்து கேடயம் வென்று தந்த முன்னணி ஆட்டக்காரர் ஐவர் யார் தெரியுமா? அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே, வெங்கடேஷ். ஐவரும் தென்னாட்டுக்காரர்கள்! ஒருவர்கூட வங்காளி இல்லை. அவர்களைத் தோளில் தூக்கி ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயர் வைத்தவர்கள் வங்காளிகள். இது பிரிப்பதா, இணைப்பதா?

எதிரணியினர் 1980-ஐ மறக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 16, ஈடன் தோட்டம். இந்த இரண்டு அணிகளின் ஆட்டத்தில் கலவரம். 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. என் கட்சி இதற்குத் தலைகுனிகிறது. பற்று வெறியானால் அது கொலைகாரன்தான். ஆனால் அந்த நாளை அவர்கள் எப்படி நினைவுகூர்கிறார்கள்? இரத்ததானம் செய்து! சிந்திய இரத்தத்துக்குப் பதில் இரத்தம் கொடுக்கிறார்கள்.

முடிவாக ஒன்று. 2024 ஆகஸ்டில், கொல்கத்தாவில் ஒரு பயிற்சி மருத்துவர், நம் வீட்டுப் பிள்ளை வயசு, பணியிடத்திலேயே சீரழித்துக் கொல்லப்பட்டாள். ஆகஸ்டு 18-ஆம் தேதி டூரண்ட் கோப்பையில் இந்த இரண்டு கழகங்களும் மோதுவதாக இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை; ஆனாலும் ரசிகர்கள் வந்தார்கள்! மைதானத்துக்கு வெளியே, நடுத்தெருவில், இரண்டு கொடிகளும் ஒன்றாகப் பறந்தன. நூறாண்டுப் பகையாளிகள் தோளோடு தோள் நின்று, அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டார்கள். தடியடி விழுந்தபோது, எந்த முதுகு எந்தக் கட்சி என்று யாரும் பார்க்கவில்லை. (நீண்ட கைதட்டல்)

கட்சி இல்லாத கூட்டம் என்றால் மழை வந்தால் கலைந்துவிடும், ஐயா. வருஷக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்து கத்தியவர்களுக்குத்தான் ஒருவர் குரல் இன்னொருவருக்குத் தெரியும். கூப்பிட்டால் வருவார்கள். ஆகவே, களத்தில் கட்டும் கட்சி மனிதரை இணைக்கிறது என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள். எதிர்த்துத் தீர்ப்புச் சொன்னாலும் பரவாயில்லை; திரும்பிப் போகும்போதும் அதே வேன்தான், மிச்ச முறுக்கும் இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)