கண்ணாடிக்குப் பின்னால் உள்ள படம்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன முறை வருமான வரிப் படிவம் பற்றிப் பேசினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டீர்கள். இந்த முறை செயலாளர், "உங்களுக்குப் பிடித்த எதையாவது பேசுங்கள் சார்" என்றார். அதனால் ஒரு விளையாட்டு இயந்திரத்தைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

சிகாகோ பக்கத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுதான், என்னைப் போலவே ஓய்வு பெற்றவர். அவருடைய கார் ஷெட்டில் 1950களில் செய்த ஒரு பின்பால் இயந்திரம் இருந்தது. சாய்வான மேசை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, அங்கங்கே மோதிக்கொண்டு கீழே இறங்கும். பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் இரண்டு சின்ன மட்டைகள் அதைத் திருப்பி அடிக்கும். அந்த மட்டைகள் 1947இல் காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் அறிமுகமானவை. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் மூன்றுமே சிகாகோ கம்பெனிகள். நியூயார்க் நகரம் 1942இல் இதைச் சூதாட்டம் என்று தடை செய்தது. மேயர் லகார்டியா சம்மட்டியால் இயந்திரங்களை உடைக்கும் புகைப்படம்கூட உண்டு. 1976இல்தான் அந்தத் தடை நீங்கியது.

நான் சொல்ல வந்தது குண்டைப் பற்றி அல்ல. மேசையின் தலைமாட்டில் ஒரு பெட்டி நிமிர்ந்து நிற்கும். அதன் முகப்பில் வண்ணப்படம் அச்சடித்த கண்ணாடி இருக்கும். அதை பேக்கிளாஸ் என்பார்கள். உள்ளே சின்னச் சின்ன பல்புகள். கடைக்குள் வருகிறவரைக் காசு போட வைப்பது அந்தப் படம்தான். அந்தக் கால இயந்திரங்களில் ஸ்கோர் எண்களும் படத்தோடு சேர்த்துக் கண்ணாடியிலேயே அச்சடித்திருக்கும். எத்தனை புள்ளி எடுத்தீர்களோ, அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள பல்பு எரியும். மேசையை அதிகமாக ஆட்டினால் 'டில்ட்' என்ற எழுத்து எரிந்து ஆட்டம் முடியும். காட்லீப் கம்பெனிக்கு ராய் பார்க்கர் என்ற ஓவியர் இப்படி வரைந்த படங்களை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள்.

இப்போது என் தவறு. ஒருநாள் அவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். பின்பக்கம் ஒரே தூசி. உதவி செய்வதாக நினைத்து, ஈரத் துணியால் ஒரு இழு இழுத்தேன். துணியோடு உள்ளங்கை அளவு சிவப்பு வண்ணம் செதில் செதிலாக வந்துவிட்டது. திரும்பி வந்தவர் பார்த்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "எப்படியும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் சொன்னதும் உண்மைதான். பல்பு சூட்டில் கண்ணாடி ஒரு அளவு விரியும், மை இன்னொரு அளவு விரியும். எழுபது வருஷம் சூடும் குளிருமாக மாறி மாறி வந்தால் மையின் பிடி விட்டுப் போகும். ஆனால் பிடி விட்டதைத் துணியால் துடைத்து எடுத்தவன் நான். அதனால், "புதிதாகச் செய்வதானால் கூட இருந்து வேலை செய்கிறேன்" என்றேன். பிரபலமான சில இயந்திரங்களுக்கு, உரிமம் பெற்று அச்சடித்த புதுக் கண்ணாடி விலைக்கே கிடைக்கிறது. இவருடையதற்குக் கிடைக்கவில்லை.

முதல் வேலை, இருப்பதைப் பதிவு செய்வது. கண்ணாடியின் முன்பக்கத்தைப் பகுதி பகுதியாக ஸ்கேன் செய்தோம். மெலிதான ஸ்கேனர்களில் படம் மங்கலாக விழுந்தது. மை இருப்பது கண்ணாடியின் மறுபக்கம் அல்லவா, அந்த இடைவெளியை அவை தாங்கவில்லை. பழைய கனமான ஸ்கேனரில்தான் தெளிவு வந்தது. நான் அழித்த இடத்துக்கு, அதே இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து படம் வாங்கினார். நிறங்களை எடுத்தது சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்திலிருந்து. அங்கே வெளிச்சம் படாததால் நிறம் வெளுக்காமல் இருந்தது.

பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வரைந்தார். அச்சு முறை நம் ஊரில் பனியனுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் செய்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங். நிறத்துக்கு ஒரு சட்டம். ஆனால் எல்லாம் தலைகீழ். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கண்ணாடியின் பின்பக்கத்தில், இடம் வலமாக மாற்றி, கடைசியில் போட வேண்டிய கறுப்புக் கோட்டை முதலில் போட வேண்டும். அதன் மேல் நிறங்கள். அதன் மேல் மெல்லிய வெள்ளை, பல்பு புள்ளியாகத் தெரியாமல் வெளிச்சம் பரவ. கடைசியாக, வெளிச்சம் வரக் கூடாத இடங்களில் எல்லாம் ஒரு அடைப்புப் பூச்சு. அது சரியில்லை என்றால் எரியாத எண்ணும் எரிவது போலத் தெரியும்.

அந்த அடைப்புப் படலத்தைச் சரிபார்ப்பது என் வேலை. எரிய வேண்டிய ஒவ்வொன்றையும் தாளில் வரிசையாக எழுதி, லெட்ஜர் டேலி செய்வது போல டிக் அடித்தேன். 'டில்ட்' எழுத்துக்குத் திறப்பே விடவில்லை என்பது அதில் தெரிந்தது. அச்சுக்குப் போவதற்கு முன் பிடித்துவிட்டோம். செய்த பாவத்துக்குக் கொஞ்சம் ஈடு.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். பழைய படத்தில் ஓர் இடத்தில் சிவப்பு, கோட்டைத் தாண்டி லேசாக விலகியிருந்தது. "சரி செய்துவிடலாமே" என்றேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு நேர் செய்த கை! அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது அன்றைக்கு அச்சடித்தவன் கை. அதை நான் திருத்தினால் இது என் படம் ஆகிவிடும்" என்றார். அப்படியே விட்டோம். பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். வங்கியில் தொலைந்த டிராஃப்டுக்கு மாற்று கொடுத்தால் அதில் 'டூப்ளிகேட்' என்று எழுதித்தான் கொடுப்போம். இதிலும் எழுத வேண்டும் என்றேன். சட்டத்துக்கு அடியில் மறையும் ஓரத்தில் 'மறுபதிப்பு' என்ற சொல்லும் வருஷமும் சேர்ந்தன. நாளைக்கு வாங்குகிறவர் ஏமாறக் கூடாது அல்லவா?

புதுக் கண்ணாடியைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்ட அன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். என் பேத்தி வேண்டுமென்றே மேசையைப் பிடித்து ஆட்டினாள். 'டில்ட்' எரிந்தது. நான்தான் முதலில் கை தட்டினேன். பழைய கண்ணாடியை அவர் தூக்கிப் போடவில்லை. மை இருக்கும் பக்கம் எதுவும் உரசாதபடி பெட்டியில் வைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளிலும் இப்படிப் பொருள்கள் உண்டு. பூஜை அறையில் பழைய கண்ணாடி ஓவியம் இருந்தால் பின்பக்கத்தை ஈரத் துணியால் தொடாதீர்கள். அப்பா அம்மா கல்யாணப் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே வைத்து முதலில் ஒரு நல்ல நகல் எடுங்கள். நகலைச் சுவரில் மாட்டுங்கள். அசலைப் பத்திரமாக வையுங்கள். நகலின் பின்னால் 'நகல்' என்று எழுதித் தேதி போடுங்கள்.

துடைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.